ஒண்ணாந்தேதிப் பூ

பெங்களூரிலிருந்து மகள் வந்து இறங்கினால் முதலில் பறிபோவது குளியலறை அலமாரி. என் ஷேவிங் பிரஷ்ஷும் படிகாரக் கட்டியும் ஜன்னல் திண்டுக்குக் குடிபெயர்ந்துவிடும். போன தடவை அந்த இடத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி வந்து உட்கார்ந்தது. உள்ளே வெளிர்மஞ்சளாகத் தண்ணீர். அதில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய இதழ்கள், காப்பியில் விழுந்த ஈசல் சிறகு மாதிரி மிதந்துகொண்டிருந்தன. விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தாள்: ரூ. 2,350.

“இது என்னம்மா?”

“டோனர்ப்பா. முகத்துக்கு. காலெண்டுலான்னு ஒரு பூ. ஐரோப்பாவுல பல நூறு வருஷமா யூஸ் பண்றாங்க. ஸ்கின் எரிச்சல் எல்லாம் அடங்கிடும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

தெரிந்திருக்காதுதான். இந்தப் பூவின் சாற்றை நான் தொண்டையில் ஊற்றிக் கொப்பளித்திருக்கிறேன். தெரியாமல் விழுங்கியிருக்கிறேன். இன்னொருவர் தெரிந்தே விழுங்குவதற்காகக் கடை கடையாக ஏறி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் இதைப் பற்றி வாய்மொழிப் பரீட்சையில் பதில் சொல்லி, ஐந்துக்கு நாலு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எல்லாம் இவள் பிறப்பதற்கு முன்னால், இப்போது வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டில். ஆனால் குப்பி 2,350 ரூபாய். அவ்வளவு பெரிய தொகைக்கு எதிரே நின்று சொந்த அனுபவத்தைப் பேசுவது மரியாதையாகாது. தலையை ஆட்டிவிட்டு பிரஷ்ஷைத் தேடப் போனேன்.

நான் பிறந்தது கோவில்பட்டியில். அப்பா மில் தொழிலாளி, சங்கத்துக்காரர். வீட்டுக்கு ‘சோவியத் நாடு’ பத்திரிகை வரும். அவர் படித்து முடித்ததும் அந்த வழவழப்பான தாள் எங்கள் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டையாகிவிடும். என் கணக்கு நோட்டின் மேல் ககாரின், வரலாற்று நோட்டின் மேல் அணைக்கட்டு, தமிழ் நோட்டின் மேல் டிராக்டர் ஓட்டியபடி சிரிக்கும் ஒரு பெண். அந்த நாட்டில் யாருக்கும் சளி பிடிக்காது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அட்டைக்கு வெளியே ஆச்சியின் ராஜ்ஜியம். அவளிடம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு இலை இருந்தது, சில இலைகளுக்கு நோய்தான் கிடைக்காமல் காத்திருந்தது. ஆவாரம்பூவை நிழலில் காயவைத்துப் பாசிப்பயறோடு திரிப்பாள், அது குளிக்க. சொறிக்குக் குப்பைமேனி. விளையாடும்போது வெட்டுப்பட்டால் வரப்போரத்துத் தாத்தாப்பூச் செடி. அதன் பூத்தலையைச் சுண்டிவிட்டு விளையாடுகிற பிள்ளைகளுக்கே அதன் இலையைக் கசக்கிப் பிழிய வேண்டிவரும். சாறு பட்டதும் சுரீரென்று எரியும், ரத்தம் கட்டுப்படும். காதுவலி என்றால் வாசலில் நிற்கும் கேந்தி. சேலம் பக்கம் செண்டுமல்லி என்பார்கள், இன்னும் சிலருக்குத் துலுக்கச் சாமந்தி. அதன் இலையை லேசாக வாட்டி, வெள்ளைத் துணியில் வைத்து முறுக்கிக் காதுக்குள் ரெண்டு சொட்டு. நான் திமிறத் திமிற அம்மா தலையைப் பிடித்துக்கொள்வாள். (படிக்கிறவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். காது ஜவ்வில் ஓட்டை இருந்தால் வம்பு. சொல்வது டாக்டர்.)

அந்தக் காட்டமான வாடை ரெண்டு நாள் தலைக்குள்ளேயே இருக்கும். ஸ்புட்னிக் விட்ட தேசத்தில் எந்தப் பிள்ளையின் காதிலாவது இலையைப் பிழிவார்களா என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். இந்த இலைகளிடமிருந்து தப்பிக்கத்தான் நான் படித்தேன் என்று சொன்னால் பாதி பொய்தான்.

தப்பித்தேன். 1984 செப்டம்பரில், உதவித்தொகையில் மருத்துவம் படிக்கக் கார்க்கோவ் போய் இறங்கினேன். இன்றைக்குக் கார்க்கிவ். அந்த ஆகஸ்டில்தான் மெட்ரோவின் இரண்டாவது பாதையைத் திறந்திருந்தார்கள். ஐந்து கொப்பேக் நாணயத்தைப் போட்டால் பூமிக்கு அடியில் பளிங்கு மண்டபம். ‘சோவியத் நாடு’ பொய் சொல்லவில்லை என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன்.

அக்டோபரில் தொண்டை கட்டியது. எச்சில் விழுங்கினால் உடைகண்ணாடியை விழுங்குகிற மாதிரி. அறிவியல் தேசம் என்னை எப்படிக் காப்பாற்றப் போகிறது என்று பார்க்கும் ஆவலோடு விடுதியிலிருந்து வைத்தியசாலைக்குக் கிளம்பினேன். வாசலைத் தாண்ட முடியவில்லை. வாக்த்யோர்ஷா பிடித்துக்கொண்டாள்.

வாக்த்யோர்ஷா என்றால் விடுதி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்கிழவி. யார் வருகிறார், யார் போகிறார், யார் தொப்பியில்லாமல் போகிறார் எல்லாம் அவள் கணக்கு. எங்களுடையவள் போல்தாவா பக்கத்துக் கிராமத்துக்காரி. தலையில் முக்காடு, காலில் கம்பளிப் பூட்ஸ், குரல் ரயில் நிலைய ஒலிபெருக்கி. என் கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு குட்டிக் குப்பியை எடுத்தாள். பழுப்புக் கண்ணாடி, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. தம்ளரில் வெந்நீர் ஊற்றி, குப்பியிலிருந்து ஒரு தேக்கரண்டி அதில் விட்டாள். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியது. சாராய நெடி, அதற்கடியில் வைக்கோலும் பிசினும் கலந்தாற்போல ஒரு வாசம்.

“பலஸ்காத்” என்றாள்.

வந்து ஆறு வாரம்தான். மொழி வகுப்பில் நாங்கள் அதுவரை படித்தது ‘இது மேசை’, ‘இது ஜன்னல்’, ‘என் நண்பன் பொறியாளன்’. பலஸ்காத் பாடத்தில் வரவில்லை. பெரியவர்கள் கொடுத்தால் மறுக்கக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

அவள் போட்ட கூச்சலில் மூன்றாம் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பிறகு அவளே ஒரு வாய் தண்ணீரை எடுத்து, தலையை அண்ணாந்து, களகளவென்று சத்தம் எழுப்பிக் காட்டித் துப்பினாள். கொப்பளிக்க வேண்டுமாம். அந்த வினைச்சொல்லை மட்டும் நான் இன்றுவரை மறக்கவில்லை.

என்ன மருந்து என்று கையசைவில் கேட்டேன். “நகத்கீ” என்றாள். என் கையைப் பிடித்துச் சுண்டுவிரல் நகத்தைத் தட்டித் தட்டி மறுபடியும் “நகத்கீ, நகத்கீ.” நகத்தைப் பிடுங்கி மருந்து செய்கிறார்களா என்று ஒரு கணம் பயந்துபோனேன். அவள் இழுப்பறையில் துழாவி ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். தீப்பெட்டி ஊர்க்காரனுக்குத் தீப்பெட்டியைப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. திறந்தால் உள்ளே விதைகள். வெளிறிய பழுப்பில், சுருண்டு, முதுகில் சிறு சிறு முள்ளோடு, யாரோ கால்நகத்தை வெட்டிச் சேர்த்து வைத்தது மாதிரி. நகம் போல விதையிருப்பதால் அந்தப் பூவுக்கு நகப்பூ என்று பெயர். ருஷ்ய மொழியில் நகத்துக்கு நோகத். நம் வழக்கில் இருக்கும் வடமொழி நகத்துக்கும் அதற்கும் மூலம் ஒன்று என்று பின்னால் படித்தேன். ஊர்க்காரர்களோடு பேசும்போது மட்டும் அவள் உக்ரைனிய மொழியில் “நஹித்கி” என்பாள். அலுவலகத்துக்கு ஒரு பெயர், அடுப்படிக்கு ஒரு பெயர். அதுவும் நமக்குப் புதிதில்லை.

ஆக, அறிவியலின் தாய்நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிகிச்சை ஒரு கிழவி கையால் பூச்சாறு. தொண்டை மூன்று நாளில் சரியாயிற்று. இதை நான் அப்பாவுக்கு எழுதவில்லை.

பிறகுதான் கண் திறந்தது. அந்த நாடே ஒரு பெரிய ஆச்சி வீடு. சளிக்கு முதுகில் கடுகுக் காகிதம் ஒட்டினார்கள். நெஞ்சுச் சளிக்குக் கண்ணாடிக் குவளைகளைத் தீக்காட்டி முதுகில் கவிழ்த்தார்கள், கழற்றினால் முதுகு முழுக்க வட்ட வட்டமாய்க் கன்றியிருக்கும். குழந்தைக்குச் சிராய்த்தால் பச்சை மருந்தைத் தடவி, மாரியம்மன் கோயில் வேப்பிலைக்காரிபோல ஆக்கி வெளியே அனுப்பினார்கள். ராக்கெட் மேலே போய்க்கொண்டே இருந்தது. கீழே கிழவிகள் பூக்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வாக்த்யோர்ஷா காயவைத்தது ‘பிராவ்தா’ மேல். கிராமத்தில் முட்டைக்கோஸ் பாத்திக்கு இடையிலே நகப்பூவை வரிசையாகப் போட்டிருப்பாளாம். அந்த வாசத்துக்குப் பூச்சி அண்டாது என்பது அவள் கட்சி. பனி காய்ந்த முற்பகலில்தான் பறிக்க வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால்தான் பூ விரியும், மாலையில் சுருங்கி மூடிக்கொள்ளும். காலையில் வெகுநேரம் விரியாமல் கிடந்தால் அன்றைக்கு மழை. பறித்ததை நிழலில், அலமாரி உச்சியில் விரித்த செய்தித்தாளில் போடுவாள். வெயிலில் போட்டால் நிறமும் போய்விடும், குணமும் போய்விடும். என் ஊரில் அவர்கள் பத்திரிகை என் கணக்கு நோட்டுக்கு அட்டை. அவர்கள் ஊரில் அவர்கள் பத்திரிகை பூவுக்குப் படுக்கை.

காய்ந்த பூவைக் கொழுப்பில் மெல்லிய சூட்டில் வதக்கி வடிகட்டி, ஆறவிட்டுக் களிம்பு ஆக்குவாள். வெடித்த கைக்கு, குளிரில் பிளந்த உதட்டுக்கு, காலில் பித்தவெடிப்புக்கு. என் அறைத்தோழன் தென்காசிப் பக்கத்துப் பையன், முட்டை வாசம் வந்தாலே ஜன்னலைத் திறக்கிற சுத்த சைவம். முதல் குளிர்காலத்தில் அவனுக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தது. கிழவி ஒரு சிமிழ் கொடுத்தாள். ராத்திரி ராத்திரி பூசிக்கொண்டான், நாக்கால் தடவிக்கூடப் பார்த்தான், பூவாசம் நன்றாயிருக்கிறது என்றான். அந்தக் கொழுப்பு எந்தப் பிராணியுடையது என்று நாலாம் வருஷம்தான் அவனுக்குத் தெரியவந்தது. அதற்குள் உதடு நாலு குளிர்காலம் பார்த்துவிட்டிருந்தது. ஒரு நாள் முழுக்கப் பேசாமல் படுத்திருந்தான். மறுநாள் குளிர் கடுமை. எழுந்து சிமிழை எடுத்துப் பூசிக்கொண்டு வகுப்புக்கு வந்தான்.

1985 மே மாதம் கார்பச்சேவ் மதுவுக்கு எதிராகப் போர் தொடுத்தார். வோட்கா மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் விற்பனை, அதற்கும் அரைமைல் வரிசை. மக்கள் மாற்று வழி கண்டுபிடித்தார்கள். ஓடிகோலோன் தீர்ந்தது. அடுத்து அப்தேக்காவின், அதாவது மருந்துக் கடையின், மூலிகைக் குப்பிகள். எங்கள் விடுதிக் குழாய் ரிப்பேர்காரர் ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, சகோதரச் சோஷலிச அன்போடு ஒரு உதவி கேட்டார். அவர் முகம் எல்லா மருந்துக் கடையிலும் பழகிவிட்டது, எனக்கு வெளிநாட்டு முகம், ஆகவே நாலு குப்பி நகப்பூ டிங்சர் வாங்கி வர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குப்பி 40 மில்லி, அதில் ஆல்கஹால் நூற்றுக்கு எழுபது. ஒரு குப்பி சுமார் 70 மில்லி வோட்காவுக்குச் சமம். நாலு குப்பி என்றால் ஒரு கௌரவமான மாலைப் பொழுது.

கவுண்டரில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அவ்வளவா தொண்டை வலிக்கிறது?”

“எங்கள் ஊர் ஆட்கள் எல்லோருக்கும்” என்றேன்.

ரிப்பேர்காரர் அன்று என் அறை ரேடியேட்டரை இலவசமாகச் சரிசெய்தார். அந்த நவம்பரில் நிஜமாகவே எனக்குத் தொண்டை கட்டியபோது ஏறிய கடையிலெல்லாம் கையை விரித்தார்கள். கிழவிதான் இழுப்பறையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். குடித்துவிடாதே என்று விரலை ஆட்டினாள். அவள் சொன்னது என் மொழியறிவைப் பற்றியா ரிப்பேர்காரரைப் பற்றியா, தெரியவில்லை.

என் வகுப்பில் ஜார்ஜியாக்காரன் ஒருவன் இருந்தான். ஊரிலிருந்து பொட்டலம் வந்தால் எங்களுக்கு விருந்து. அக்ரூட் பருப்பை அரைத்துக் கோழியோடு ஒரு குழம்பு வைப்பான், மஞ்சள் நிறத்தில். முதல் வாய் வைத்ததும் எனக்குக் காது வலித்தது. பொய்யில்லை, அந்த வாடை! கேந்தி. அதன் இதழைக் காயவைத்துப் பொடித்து, இமெரெத்தியக் குங்குமப்பூ என்று பெயர் வைத்துக் குழம்பில் போடுகிறார்கள். நம் வாசல் கேந்தி மெக்சிகோப் பக்கத்துப் பூ. அது கடல் தாண்டிக் கோவில்பட்டிக்கு வந்து என் காதில் விழுந்த மாதிரியே, ஜார்ஜியாவுக்குப் போய்க் குழம்பில் விழுந்திருக்கிறது. நகப்பூ வேறு, அது மத்தியதரைக்கடல் பிள்ளை. ரெண்டும் தாத்தாப்பூவும் சூரியகாந்தியும் ஒரே குடும்பம். ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தியல் வாய்மொழித் தேர்வில் மேசைமேல் கவிழ்த்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். எனக்கு வந்த சீட்டில் மூன்றாம் கேள்வி: கலெந்துலா டிங்சர், பயன்கள், மருந்துச்சீட்டு எழுதிக் காட்டவும். அங்கே மருந்துச்சீட்டை லத்தீனில்தான் எழுத வேண்டும். வேற்றுமை உருபு பிசகினால் நோயாளி செத்த மாதிரி. பயன்களைக் கிழவி சொன்னபடியே சொன்னேன். பேராசிரியர் பெயர்க்காரணம் கேட்டார். விழித்தேன். அவரே சொன்னார்: ரோமாபுரியில் மாதத்தின் ஒண்ணாந்தேதிக்குக் கலெந்தே என்று பெயர். மாதம் தவறாமல் பூப்பதால் இந்தப் பெயர். காலண்டரும் அதே வேர். கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய நாளும் ஒண்ணாந்தேதிதான். கடன்கணக்குப் புத்தகத்துக்குத்தான் ரோமர்கள் முதலில் காலண்டர் என்று பெயர் வைத்தார்களாம். பால்காரரும் வாடகையும் மளிகைக்கடை நோட்டும் ஒண்ணாந்தேதி அன்று சேர்ந்து வந்து நிற்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பேராசிரியர் சிரித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். நாலு மார்க் போட்டார்.

1991 கோடையில் பட்டத்தோடு திரும்பினேன். டிசம்பரில், பட்டம் கொடுத்த நாடு கலைந்துபோனது. கிளினிக் போர்டில் ‘யு.எஸ்.எஸ்.ஆர்.’ என்று எழுதலாமா கூடாதா என்று பெயிண்டரோடு அரைமணி நேரம் ஆலோசித்தேன். அவர், “எழுதுங்க சார், எழுத்து நாலு கூடினா பார்வையா இருக்கும்” என்றார்.

ருஷ்யா டாக்டர் என்று பெயர் வந்துவிட்டது. பூவையும் இலையையும் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால், ‘ஏழு வருஷம் அங்கே போய் இதைத்தான் படிச்சியா?’ என்று ஆச்சியே கேட்பாள். வெட்டுக்காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பிக்கொண்டு வருகிறவர்களைத் திட்டித் தீர்த்தேன். காப்பித்தூளுக்காகத் திட்டியதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. மஞ்சள்தான் மானத்தை வாங்கியது. 1995-இல், காயத்தை மஞ்சள் ஆற்றும் என்பதைத் தங்கள் கண்டுபிடிப்பாக அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தார் காப்புரிமை வாங்கினார்கள். நம் சி.எஸ்.ஐ.ஆர். போராடி, இது எங்கள் பாட்டிகள் சொத்து என்று ஆதாரம் காட்டி, 1997-இல் அதை ரத்து செய்யவைத்தது. அந்த ரெண்டு வருஷமும் நான் கோவில்பட்டியில் உட்கார்ந்து, அந்தப் பாட்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் கிளினிக்குக்கு எதிர்வரிசையில் ஹோமியோபதிக்காரர் ஒருவர். சிராய்ப்போடு வருகிறவர்களுக்கு ஒரு பழுப்புக் குப்பியிலிருந்து தண்ணீரில் கலந்து கழுவச் சொல்வார். இனிப்பு உருண்டைக்காரர் என்று நண்பர்களிடம் கிண்டலடிப்பேன். அந்தக் குப்பியில் எழுதியிருந்தது கலெண்டுலா தாய்த்திரவம். மற்ற ஹோமியோ மருந்துபோல ஒன்றுமே மிஞ்சாத அளவு கரைத்ததல்ல. பூவைச் சாராயத்தில் ஊறவைத்த நேரடிச் சாறு. கிழவியின் இழுப்பறைக் குப்பிக்குச் சித்தப்பா மகன். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரித்தேன்.

மகளின் குப்பி வந்த பிறகு, ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை, இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1597-இல் இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் என்பவர் மூலிகை நூல் ஒன்று வெளியிட்டார். டச்சுக்காரர் நாட்டு மளிகைக் கடைகளில் காய்ந்த நகப்பூ இதழைப் பீப்பாய் பீப்பாயாக வைத்து, காசுக்கு இவ்வளவு என்று அள்ளிக் கொடுப்பார்களாம். அது விழாத கஞ்சி கஞ்சியே அல்லவாம். குளிர்காலத்தில் பசுவின் வெண்ணெய் வெளிறிப்போகும். இதழ்ச்சாற்றைக் கலந்து மஞ்சளாக்கி விற்றார்கள். பாலாடைக்கட்டிக்கும் அதே வைத்தியம். குங்குமப்பூ வாங்க முடியாதவர்களின் குங்குமப்பூ. முடிக்கு மஞ்சள் சாயம். தேனீ கொட்டிய இடத்தில் பூவைக் கசக்கித் தேய்ப்பது. மருந்து, மளிகை, சிங்காரம், கலப்படம் எல்லாவற்றுக்கும் ஒரே பூ.

கலப்படம் என்றதும் ஏளனமாகச் சிரிக்க வேண்டாம். சத்தியமங்கலத்திலும் ஓசூர்ப் பக்கமும் ஏக்கர் ஏக்கராகச் செண்டுமல்லி போடுகிறார்களே, அது எல்லாமே மாலைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக எடுத்து, அதிலிருந்து மஞ்சள் சத்தை இறக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். ஒரு பங்கு கண்ணுக்கு மாத்திரையாகிறது. இன்னொரு பங்கு கோழித் தீவனத்தில் சேருகிறது. கோழி தின்றால் முட்டைக்கரு பொன்னிறமாகும், தின்கிறவர் திறந்தவெளிக் கோழி என்று மயங்குவார். அன்றைக்கு வெண்ணெயில் நேராகக் கலந்தார்கள். இன்றைக்குக் கோழி வழியாகக் கலக்கிறார்கள். நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

அறிவியல் என்ன சொல்கிறது? 2004-இல் பிரான்சில், மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்த 254 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். வழக்கமான களிம்பு பூசியவர்களில் 63 சதவீதம் பேருக்குத் தோல் நன்றாகவே புண்பட்டது. நகப்பூக் களிம்பு பூசியவர்களில் 41. அந்த இடத்தில் எழுந்து ஒரு காப்பி போட்டுக் குடித்தேன், கிழவியின் சார்பில். மேலே படித்தால், 2013-இல் ஸ்வீடனில் நானூறு பேருக்கு மேல் வைத்துப் பார்த்தார்கள், சாதாரணக் கிரீமுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. காப்பி ஆறிப்போயிற்று. ஐரோப்பிய மருந்து முகமை ரொம்பச் சாமர்த்தியமாக முடித்துக்கொண்டது: சின்னக் காயம், லேசான தோல் எரிச்சல், வாய் தொண்டைப் புண்ணுக்கு இதைப் பயன்படுத்தலாம், காரணம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நெடுங்காலம் என்றால் சட்டப்படி முப்பது வருஷம், அதில் பதினைந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். அதாவது பாட்டி சொன்னாள் என்பதைத்தான் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். சாமந்திக் குடும்பத்துப் பூ ஒவ்வாதவர்களுக்குத் தடிப்பு வரலாம் என்று ஒரு எச்சரிக்கை. அதைக் கிழவி சொல்லவில்லை. அந்த ஒரு மார்க் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

2022 பிப்ரவரி 24-இல் ருஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பிறகு டிவியை அணைக்க முடியவில்லை. நான் அங்கே படிக்கும்போது, 1986-இல், உழைப்பின் நாயகர்கள் என்று பெயர் வைத்து ஒரு மெட்ரோ நிலையம் திறந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். இப்போது அதே நிலையத்தின் படிக்கட்டிலும் நடைமேடையிலும், நின்றிருந்த ரயில் பெட்டிகளுக்குள்ளும் குடும்பம் குடும்பமாகப் படுத்துக்கிடந்தார்கள். மேலே குண்டு. மார்ச் 2 அன்று, நடந்தாவது ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்று நம் தூதரகம் மாணவர்களுக்குச் சொன்னது. பனியில் பையை முதுகில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊரான பெசோச்சினை நோக்கி நடந்த பிள்ளைகளில் ஒருவன் தமிழில் பேசியபடி வந்தான். காமெராவைப் பார்த்து, அம்மா நான் நல்லா இருக்கேன் என்றான். குரல் கட்டியிருந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். “தொண்டைக்கு எதாவது குடிச்சிருப்பானா?” என்றாள். அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

கிழவி உயிரோடிருக்க வாய்ப்பில்லை. இருந்தால் நூறைத் தாண்டியிருப்பாள். ஏழு வருஷம் அவள் மேசையைத் தாண்டிப் போய் வந்தவன், கிளம்பும்போது ஒரு சைனாப் பட்டுக் கைக்குட்டை கொடுத்தேன். பதிலுக்கு அந்தத் தீப்பெட்டியைக் கொடுத்தாள். சென்னையில் இறங்கியதும் சுங்கத்தில் கேட்பார்களோ என்று பயந்து, விமானத்திலேயே ஆசனப் பையில் விட்டுவிட்டேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

போன கார்த்திகையில் இணையத்தில் ஒரு பொட்டலம் விதை வாங்கினேன், இருபது விதை 120 ரூபாய். பிரித்துக் கொட்டியதும் மகள், “அய்ய, நகமா?” என்றாள். நாங்கள் இப்போது இருக்கும் மதுரையின் வெயிலுக்கு இது தாங்காது, மார்கழிக் குளிர்தான் இதன் ஆயுசு. மொட்டைமாடியில் பைகளில் போட்டேன். எட்டு முளைத்தது, அதில் ஐந்தை அணில் பார்த்துக்கொண்டது. மிச்சம் மூன்றில் ஒன்று தை ஒண்ணாந்தேதி காலையில் விரிந்தது. ஒண்ணாந்தேதி! தொட்டால் விரலில் பிசின் ஒட்டியது. முகர்ந்தேன். பழுப்புக் குப்பி, வெந்நீர் தம்ளர், கம்பளிப் பூட்ஸ்.

நாலு பூ சேர்ந்ததும் எண்ணெயில் ஊறப்போடுவதாகத் திட்டம். கீழே போய்க் கண்ணாடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் செடியில் பூவைக் காணோம். மனைவி அதைப் பொங்கல் பானைக் கழுத்தில் மஞ்சள்கொத்தோடு செருகியிருந்தாள்.

“அது மருந்துப் பூடி.”

“இருக்கட்டும். சாமந்தி கிலோ முன்னூறு விக்குது. என்ன பூவோ, கையெல்லாம் பிசுபிசுங்குது.”

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் பொங்கல் இனாமுக்கு வந்து நின்றார். எங்கள் குடியிருப்பு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். யார் வருகிறார், யார் போகிறார் எல்லாம் அவர் கணக்கு. வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. மார்கழிப் பனி மொத்தமும் தொண்டையில் இறங்கியிருந்தது. உட்காருங்கள் என்று சொல்லி உள்ளே போனேன். மேசை இழுப்பறையில் ஒரு பழுப்புக் குப்பி வைத்திருக்கிறேன். போன மாதம் ஹோமியோ கடையில், தெரிந்தவர் யாரும் பார்க்காத நேரமாகப் போய் வாங்கியது. தம்ளரில் வெந்நீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி விட்டு, மஞ்சளாகக் கலங்கியதும் கொண்டுவந்து கொடுத்தேன். திரும்பி நூறு ரூபாய் நோட்டை எடுத்தபடியே சொன்னேன்:

“முழுங்கிராதீங்க அண்ணே, கொப்பளிக்கணும்.”

தம்ளர் காலியாக இருந்தது. அவர் மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு டாக்டரய்யா” என்றார். குரல் கொஞ்சம் வந்திருந்தது.